மாம்சம் என்ற சொல்லுக்குக் கூச்சப்பட வேண்டாம்

கேள்வி: ஐயா, நான் ஐ.சி.யு.வில் ஸ்டாஃப் நர்ஸ். ஏழு வருட சர்வீஸ். சின்ன வயதிலிருந்து கோயில், ஞாயிறு பள்ளி, பாடகர் குழு என்று வளர்ந்தவள். ஒரு நைட் டியூட்டியில் எங்கள் சீனியர் அக்கா, நல்ல பெருமாள் பக்தை, பேச்சுவாக்கில் கேட்டார்: "எங்க கிருஷ்ணரும் அவதாரம், உங்க இயேசுவும் அவதாரம். அப்புறம் நீங்க மட்டும் ஏன் தனியா சொல்றீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் என் வேலைதான். படுக்கைப்புண்ணுக்கு டிரெஸ்ஸிங், டயாப்பர் மாற்றுவது, சக்‌ஷன் போட்டுச் சளி எடுப்பது என்றுதான் ராத்திரி முழுக்கப் போகிறது. இப்படி ஒரு உடம்புக்குள் கடவுள் வந்தார் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இயேசு நல்ல போதகர், கடவுள் அனுப்பிய தூதர் என்று நம்பினால் போதாதா? கடவுளுக்கும் அதுதானே மரியாதை? திருவிருந்து ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது "மனுஷனானார்" என்ற இடத்தில் என் வாய் நின்றுவிடுகிறது. (பெயர் வேண்டாம், திருநெல்வேலி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

முப்பது வருடமாக ஆயர் ஊழியத்திலும் இறையியல் வகுப்பிலும் இருக்கிறேன். அந்தப் பிரமாணத்தை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீங்கள் நின்ற இடம் நிற்க வேண்டிய இடம். கத்தோலிக்கச் சபையில் "உடல் எடுத்து மனிதர் ஆனார்" என்று வரும்போது எல்லாரும் தலை வணங்குவார்கள், கிறிஸ்துமஸ் அன்று முழங்காலே இடுவார்கள். நம் ஆட்கள் அதே வேகத்தில் தாண்டிப் போய்விடுகிறோம். உங்களுக்கு மட்டும் உறைத்திருக்கிறது. ஏன் என்றால் உடம்பு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் அந்தக் கூச்சத்தைப் பற்றிப் பேசுவோம். அக்காவின் கேள்வி அப்புறம்.

யோவான் முதலாம் அதிகாரம் 14ஆம் வசனம் நம் பழைய வேதாகமத்தில் "அந்த வார்த்தை மாம்சமாகி" என்று இருக்கிறது. பிற்கால மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "வாக்கு மனிதர் ஆனார்" என்று இருக்கிறது. இரண்டாவது காதுக்கு இதமானது, புரியவும் எளிது. ஆனால் எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். கிரேக்கத்தில் யோவான் எழுதிய சொல் 'சார்க்ஸ்'. சதை என்று அர்த்தம். மனிதன், உடல் என்று கௌரவமாகச் சொல்ல கிரேக்கத்தில் வேறு சொற்கள் இருந்தன. அவர் அவற்றை விட்டுவிட்டு, நோய் வருகிற, நாற்றம் எடுக்கிற, ஒருநாள் அழுகிப் போகிற சதையைச் சொல்லும் சொல்லை எடுத்தார். அதே வசனத்தில் "வாசம்பண்ணினார்" என்று நாம் படிக்கிற இடத்தில் மூலத்தில் இருப்பது கூடாரம் போட்டார் என்கிற சொல். பக்கத்து மனையில் கூடாரம் போட்டுக் குடியேறுகிற மாதிரி.

இது படிக்கிறவர்களைக் கூச வைக்கும் என்று யோவானுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலத்திலேயே பலர் கூசினார்கள். இயேசுவுக்கு உண்மையில் உடம்பே இல்லை, பார்ப்பவர்களுக்கு இருப்பது போலத் தோன்றியது, அவ்வளவுதான் என்று ஒரு கூட்டம் சொன்னது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் பேராயர் இக்னேஷியஸை மிருகங்களுக்குப் போட ரோமாபுரிக்குக் கட்டி இழுத்துப் போனார்கள். வழியில் சபைகளுக்கு அவர் எழுதிய கடிதங்களில் இதை விடாமல் சொல்கிறார்: அவர் உண்மையாகவே பிறந்தார், உண்மையாகவே சாப்பிட்டார், குடித்தார், உண்மையாகவே பாடுபட்டார்; பாடுபட்டது வெறும் தோற்றம் என்றால் நான் எதற்கு இந்தச் சங்கிலியில் கிடக்கிறேன்? ஒரு கைதியின் கேள்வி அது. வகுப்பில் இதை வாசிக்கும்போது பையன்கள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள்.

அதே நூற்றாண்டில் மார்சியோன் என்று ஒருவர். கர்ப்பப்பை, ரத்தம், பிரசவ அழுக்கு இதிலெல்லாம் கடவுள் பட்டிருக்க முடியாது என்று இயேசுவின் பிறப்பையே வெட்டிவிட்டார். அவருக்கு வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்து தெர்த்துல்லியன் கொடுத்த பதில் கேட்கவே முரடாக இருக்கும். பிரசவத்தின் அசிங்கங்களை ஒவ்வொன்றாக அவரே எண்ணிச் சொல்கிறார். பிறகு, நீ அருவருக்கிற இந்த மனிதனைத்தான் கிறிஸ்து நேசித்தார், அவனுக்காகத்தான் இறங்கி வந்தார் என்கிறார். லேபர் வார்டில் போஸ்டிங் பார்த்தவர் நீங்கள். அவர் பேசுவது எதைப் பற்றி என்று பேராசிரியர்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே உங்கள் கூச்சம் புதிதும் இல்லை, அவிசுவாசமும் இல்லை. தமிழ்க் காதுக்கு அது இயல்பும்கூட. சிலப்பதிகாரத்தில் இளங்கோ சிவபெருமானைச் சொல்லும்போது 'பிறவா யாக்கைப் பெரியோன்' என்கிறார். பிறக்காத உடம்பு, அதுதான் பெருமை. அப்படிக் கேட்டுப் பழகிய ஊரில் நாம் போய், பிறந்தார், தொப்புள்கொடி அறுத்தார்கள், துணியில் சுற்றினார்கள் என்று சொல்கிறோம். கேட்கிறவர் முகம் சுளித்தால் அவர் நாம் சொன்னதைச் சரியாகக் கேட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

சரி, போதகர் என்று மட்டும் நம்பினால் போதாதா? இதுதான் உங்கள் கடிதத்தின் மையம்.

நீங்கள் 'கடவுளுக்கும் அதுதானே மரியாதை' என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு ஆரியு நினைவுக்கு வந்தார். எகிப்தில் அலெக்சாந்திரியா நகரத்தில் மூப்பராக இருந்தவர். கெட்டவர் இல்லை. கடவுளின் மேன்மையைக் காப்பாற்ற நினைத்தவர்தான். கடவுள் ஒருவரே, அவர் மாறாதவர், பசியும் களைப்பும் அவருக்கு ஆகாது. அப்படியானால் பசித்த, களைத்த இயேசு கடவுளாக இருக்க முடியாது, முதன்முதலில் உண்டாக்கப்பட்ட உயர்ந்த படைப்பு என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். 'அவர் இல்லாதிருந்த ஒரு காலம் இருந்தது' என்பது அவர் தரப்பின் கோஷம். இந்தச் சண்டை முற்றி, 325இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் நிசேயாவில் பேராயர்களைக் கூட்டினார். இன்றைக்குத் துருக்கியில் இஸ்னிக் என்கிற சின்ன ஊர் அது. 2025இல் அதற்கு 1700 வருடம் நிறைந்தது. நீங்கள் சொல்லும் பிரமாணத்தில் "பிதாவோடே ஒரே தன்மையுடையவர்" என்ற வரி அங்கே பிறந்தது.

அந்தக் கூட்டத்துக்குத் தன் பேராயரோடு ஒரு இளம் டீக்கனும் வந்திருந்தார். அத்தனாசியு. பிறகு 328இல் அவரே அலெக்சாந்திரியாவின் பேராயர் ஆனார். இந்த ஒரு வரிக்காக ஐந்து தடவை நாடு கடத்தப்பட்டார். கூட்டிப் பார்த்தால் சுமார் பதினேழு வருடம். ஒரு சொல்லுக்கா இத்தனை பாடு என்று கேட்கலாம். நானும் மாணவனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். எனக்கு அது விளங்கியது புத்தகத்தில் இல்லை, ஒரு துக்க வீட்டில்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், போன் பண்ணி விசாரிக்கலாம், மாலை கொடுத்துவிடலாம், மகனை அனுப்பலாம். எல்லாம் சரிதான். ஆனால் பத்து வருடம் கழித்தும் அந்த வீட்டுப் பெண்கள் பேசுவது என்ன? "அண்ணாச்சி நேர்ல வந்தாரு." வந்து என்ன செய்தார்? ஒன்றும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தார், காபித் தண்ணி குடித்தார், தோளில் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். கலியாணப் பத்திரிகையை ஆள் வசம் கொடுத்துவிட்டதற்காக இருபது வருடம் பேசாமல் இருக்கிற சொந்தக்காரர்கள் உங்கள் குடும்பத்திலும் இருப்பார்கள். நம் ஜனங்களுக்கு இந்த வித்தியாசத்தைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆரியு சொன்னது உண்மை என்றால் கடவுள் ஆள் அனுப்பினார். எவ்வளவு உயர்ந்த ஆளாக இருந்தாலும் அது ஆள்தான். அத்தனாசியு விடாப்பிடியாக நின்றது இதில்தான்: ஒரு படைப்பு இன்னொரு படைப்பைக் கடவுளோடு சேர்த்து வைக்க முடியாது. வந்தவர் கடவுளே என்றால்தான் நாம் போய்ச் சேர்ந்த இடமும் கடவுளாக இருக்கும். அவர் ஒரு உதாரணம் சொல்கிறார். பலகையில் வரைந்த ஒருவருடைய படம் கறை பிடித்து அழிந்துவிட்டால் பலகையைத் தூக்கி எறிவதில்லை. யாருடைய படமோ அவர் மறுபடி வந்து எதிரே உட்கார வேண்டும், அதே பலகையில் திரும்ப வரைய வேண்டும். மனிதன் கடவுளின் சாயலில் உண்டாக்கப்பட்டவன் என்று ஆதியாகமம் சொல்கிறது. அந்தப் படம் அழிந்துபோனது. தூதனை உட்கார வைத்தால் தூதனின் படம்தானே வரும்?

இன்னொன்று. போதகர் என்று மட்டும் சொன்னால் சுலபமாக இருக்கும் என்கிறீர்கள். உண்மையில் கைக்கு எதுவும் மிஞ்சாது. "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்று பிலிப்புவிடம் சொன்னது பொய் அல்லது மிகை ஆகிவிடும். அப்புறம் கடவுள் எப்படிப்பட்டவர் என்பது திரும்பவும் நம் யூகம்தான். ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரர்கள் கடவுளைப் பற்றி யூகிப்பதைக் கேட்டிருப்பீர்கள். 'என்ன பாவம் செஞ்சோமோ' என்பதில்தான் பெரும்பாலும் போய் முடியும். குஷ்டரோகியைக் கைநீட்டித் தொட்டவரே கடவுள் என்றால் அந்த யூகத்துக்கு வேலை இல்லாமல் போகிறது.

இப்போது உங்கள் அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அவரிடம் வாதாட வேண்டாம். முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். அவதாரம் என்ற சொல்லை நாமே தாராளமாகப் பயன்படுத்துகிறோம், நம் கிறிஸ்துமஸ் பாட்டுகளில் 'அவதரித்தார்' என்று வராத பாட்டு குறைவு. சென்னையில் வழக்கறிஞராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்த சக்கரைச் செட்டியார் 1926இல் இயேசுவை அவதாரம் என்றே தலைப்பில் சொல்லி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். ஆக, சொல்லுக்காகச் சண்டை வேண்டாம். வெண்ணெய் திருடி உரலோடு கட்டுண்டு ஏங்கிய கண்ணனை நினைத்து நம்மாழ்வார் 'எத்திறம்!' என்று திகைத்துப் போகிறார் இல்லையா? பெரியவன் இவ்வளவு எளியவனாக ஆனானே என்கிற அந்தத் திகைப்பு எங்களுக்கும் உண்டு அக்கா என்று மனதாரச் சொல்லலாம். மாட்டுத் தொழுவத்து முன்னணையில் கிடக்கிற குழந்தையைப் பார்க்கிற கிறிஸ்தவனும் அதைத்தான் உணர்கிறான்.

வித்தியாசம் எங்கே என்று அவர் மேலும் கேட்டால் இரண்டு விஷயம் போதும். கீதையில் கண்ணன் யுகந்தோறும் பிறக்கிறேன் என்கிறார். அவதாரங்கள் பல, ஒவ்வொன்றும் காரியம் முடிந்ததும் நிறைவு பெறும். இயேசு ஒருமுறை மனிதரானார், பிறகு அதைக் கழற்றி வைக்கவே இல்லை. உயிர்த்தெழுந்த பிறகும் ஆணித் தழும்பு இருந்தது, பொரித்த மீனை வாங்கிச் சீஷர்கள் கண்முன்னே சாப்பிட்டார் என்று லூக்கா எழுதுகிறார். அந்த மனிதத்தன்மையோடேயே இன்றும் இருக்கிறார் என்பது நம் விசுவாசம். சக்கரைச் செட்டியாரும் இந்த நிரந்தரத்தைத்தான் அழுத்திச் சொன்னார். இரண்டாவது, ஸ்ரீராமாநுஜர் தம் கீதை உரையில் அவதாரத் திருமேனி நம்முடையதைப் போல் கர்மத்தால் வந்த பிராகிருத உடம்பு, அதாவது இயற்கைப் பொருளால் ஆன உடம்பு, இல்லை என்கிறார். அப்ராகிருதம், தெய்வீகமானது. அக்காவுக்கு அது தெரிந்திருக்கும். அவர்கள் எதைக் கடவுளுக்குத் தகாது என்று மரியாதையோடு விலக்குகிறார்களோ, அதையே இயேசு எடுத்துக்கொண்டார் என்று நாம் சொல்கிறோம்: அசல் மனித சதை, பாவம் ஒன்று தவிர. எது உயர்த்தி என்று அங்கே தராசு தூக்க வேண்டாம். நைட் டியூட்டியில் அதற்கெல்லாம் நேரமும் இருக்காது.

ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் கேட்டான்: "இயேசுவுக்குச் சளி பிடிச்சிருக்குமா?" டீச்சர் அதட்டி உட்கார வைத்துவிட்டார். எனக்கு வருத்தமாக இருந்தது. ஏனென்றால் பேராயர்கள் கூடிய பெரிய பெரிய சபைச் சங்கங்கள் உட்கார்ந்து பேசியது அந்தக் கேள்வியைத்தான். லவோதிக்கேயாவின் அப்பொல்லினாரியு, உடம்பு மனித உடம்பு, ஆனால் உள்ளே மனித மனம் கிடையாது, அந்த இடத்தில் தேவ வார்த்தை இருந்தது என்றார். அதை மறுத்து நசியான்சு கிரகோரி எழுதிய ஒரு வாக்கியம் உங்களுக்கு உடனே விளங்கும்: எதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகவும் இல்லை. கட்டைப் பிரிக்காத புண்ணுக்கு மருந்து போட முடியாது என்று டிரெஸ்ஸிங் டிரேயைத் தள்ளிக்கொண்டு போகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மனமும் நமக்கு நோவுகிற இடம். பயம், குழப்பம், அழுகை, கெத்செமனேயின் அந்த இரவு எல்லாம் உள்ளே வந்தாக வேண்டும். அவர் ஞானத்தில் வளர்ந்தார் என்று லூக்கா எழுதுகிறார். அந்த நாளும் நாழிகையும் தமக்குத் தெரியாது என்று அவரே சொன்னதை மாற்கு எழுதி வைத்திருக்கிறார். சிலர் இந்த வசனங்களுக்குச் சமாதானம் சொல்லியே களைத்துப் போகிறார்கள். நான் சொல்வதில்லை. சளியும் பிடித்திருக்கும் தம்பி என்று அந்தப் பையனிடம் சொன்னேன்.

கடவுளும் மனிதனும் ஒரே ஆளில் எப்படி என்று கேட்டால், 451இல் கல்செதோன் சங்கம் நான்கு வேலிதான் போட்டது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவில்லை, மாறவில்லை, பிரியவில்லை, விலகவில்லை. எப்படி என்று அவர்களும் சொல்லவில்லை. உங்கள் வார்டில் மலையாளி நர்ஸ்கள் யாராவது யாக்கோபாயா, ஆர்த்தடாக்ஸ் சபை என்றால், அவர்கள் சபை கல்செதோனை ஏற்காத வரிசையில் வருவது. ஆனாலும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர் முழுக்கக் கடவுள், முழுக்க மனிதர் என்றுதான் சொல்வார்கள். சண்டையில் பாதி வார்த்தைச் சண்டை என்று பிற்பாடு இரு பக்கமும் ஒத்துக்கொண்டது. 1973இல் ஆறாம் பவுல் பாப்பரசரும் எகிப்தின் கோப்து சபைத் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும் இதைப் பற்றிச் சேர்ந்தே கையெழுத்துப் போட்டார்கள்.

சற்று முன் கிரகோரி என்றேனே, அவருடைய உயிர் நண்பர் பேசில், செசரியாவின் பேராயர். அதுவும் இன்றையத் துருக்கிதான். ஆரியு கட்சிக்கு எதிராக எழுதிக்கொண்டிருந்த அதே கையால் ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் ஒரு பெரிய இல்லம் கட்டினார். சரித்திரத்தின் முதல் ஆஸ்பத்திரிகளில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். பேசில் இறந்த பிறகு கிரகோரி செய்த நினைவுப் பிரசங்கத்தில், அவர் குஷ்டரோகிகளைக் கட்டி அணைத்ததைச் சொல்கிறார். கடவுள் சதையைத் தொட்டார் என்று பிரமாணத்தில் சொல்லிவிட்டுக் குஷ்டரோகியைத் தொடாமல் இருக்க அவரால் முடியவில்லை. உபதேசத்துக்கும் வார்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம்.

என் அப்பாவின் கடைசி இரண்டு நாள் ஒரு ஆஸ்பத்திரியில் கழிந்தது. விழுங்க முடியாது, அதனால் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உதடு வெடித்துக் கிடந்தது. ராத்திரி டியூட்டியில் இருந்த பெண், உங்களை விடச் சின்னவள், அரை மணிக்கு ஒருமுறை வந்து பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அவர் உதட்டில் ஒற்றிவிட்டுப் போனாள். அவர் நாக்கு அந்த ஈரத்தைத் தேடி வெளியே வரும். நான் மடியில் வேதாகமத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். சிலுவையில் இயேசு சொன்ன "தாகமாயிருக்கிறேன்" என்ற வசனத்தை எத்தனையோ பெரிய வெள்ளியில் பிரசங்கம் பண்ணியவன் நான். ஆத்தும தாகம், அது இது என்று. அன்றைக்குத்தான் அது வறண்ட நாக்கு சொன்ன வார்த்தை என்று தெரிந்தது. இயேசுவுக்குக் காடியில் தோய்த்த கடற்காளானை, அதாவது ஸ்பாஞ்சை, ஒருவன் ஈசோப்புத் தண்டில் மாட்டி நீட்டினான். நீங்கள் தினமும் செய்கிற வேலை.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது? வாய் நின்றால் நிற்கட்டும். ஆராதனைக்குப் போவதை மட்டும் நிறுத்த வேண்டாம். 325இல் அந்தப் பிரமாணம் 'விசுவாசிக்கிறோம்' என்று பன்மையில்தான் ஆரம்பித்தது. நடக்க முடியாத திமிர்வாதக்காரனை இயேசுவிடம் நான்கு பேர் தூக்கி வந்த மாதிரி, அந்த ஒரு வரியைப் பக்கத்தில் நிற்கிறவர்கள் கொஞ்ச நாள் உங்களுக்காகச் சொல்லட்டும். அதற்கிடையில் மாற்கு சுவிசேஷத்தை ஒரே மூச்சில் படியுங்கள். பதினாறே அதிகாரம். வியாக்கியானப் புத்தகம் எதுவும் வேண்டாம். ஒரு பென்சில் வைத்துக்கொண்டு உடம்பு வருகிற இடத்தை மட்டும் கோடு போடுங்கள். தொட்டார், உமிழ்ந்தார், பெருமூச்சு விட்டார், பசியுண்டாயிற்று. படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

நைட் டியூட்டி முடிந்த கையோடு படிக்க உட்கார்ந்துவிடாதீர்கள். தூங்கி எழுந்து படியுங்கள். நாலாம் அதிகாரத்தில் படகு தண்ணீர் நிறைகிற நேரத்திலும் அவர் பின்னணியத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். அதற்கும் ஒரு கோடு போடுங்கள்.